மூன்று மாதம் சட்டம் படித்தவர்: ஜான் மார்ஷலின் இளமைக்காலம்

சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷல் மூன்று மாதம்கூட முழுசாகச் சட்டம் படிக்கவில்லை என்கிறார்கள். அப்படிப்பட்டவர் எப்படி அந்த நீதிமன்றத்தையே உருவாக்கியவர் என்று பேர் வாங்கினார்? அவருடைய இளமைக்காலம் எப்படி இருந்தது?"

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மார்ஷலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1803-ல் வந்த மார்பரி தீர்ப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டமே ஆனாலும் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் அது செல்லாது, அதைச் சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று நம் அரசியலமைப்பின் 13-வது பிரிவு எழுத்திலேயே சொல்கிறது. அமெரிக்க அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. எழுதப்படாத ஒன்றை அவ்வளவு உறுதியாகச் சொல்லும் தைரியம் ஒரு மனிதருக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை அவருடைய முதல் முப்பத்து மூன்று வருடங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் பிறந்தது 1755 செப்டம்பர் 24. இடம் வர்ஜீனியாவின் மேற்கு ஓரம். இன்றைக்கு ஃபோகியர் கவுண்டி என்று சொல்கிற பகுதி. அப்போது அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லை. பிரிட்டிஷ் அரசருக்குக் கட்டுப்பட்ட பதின்மூன்று குடியேற்றங்கள் கடற்கரையை ஒட்டி இருந்தன, அவ்வளவுதான். மார்ஷலின் வீடு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில். பதினைந்து பிள்ளைகளில் இவர் தலைச்சன். பதினைந்து பேருமே வளர்ந்து ஆளானார்கள் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய ஆச்சரியம். அந்தப் பக்கத்துப் பெண்கள் துணியில் குத்திக்கொள்ள ஊசி கிடைக்காமல் முள்ளைப் பயன்படுத்தினார்கள் என்று மார்ஷல் வயதான பிறகு சொன்னதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். சாப்பாடு பெரும்பாலும் சோளமாவுக் கூழ்.

இப்படிச் சொன்னதும் பரம ஏழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா மேரி கீத், ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் மகள். தாய்வழியில் ராண்டால்ஃப் என்ற பெரிய குடும்பத்தோடு உறவு. அந்த வழியில், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் இவருக்குத் தூரத்துச் சொந்தம். அந்த ஜெஃபர்சன் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தாமஸ் மார்ஷல்தான் முக்கியமான ஆள். நில அளவையாளர். ஃபேர்ஃபாக்ஸ் பிரபு என்பவருக்கு அந்தப் பகுதியில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. அதை அளந்து, எல்லை குறித்து, குத்தகைதாரர்களைக் கவனிக்கும் வேலையில் தாமஸ் இருந்தார். இளவயதில் அதே வேலையைச் செய்த இன்னொருவர் ஜார்ஜ் வாஷிங்டன். இருவரும் நண்பர்கள். ஆக, மார்ஷலின் வீட்டில் வாஷிங்டன் என்பது புத்தகத்தில் வரும் பெயர் இல்லை, அப்பாவின் சிநேகிதர். பிறகு தாமஸ் உள்ளூர் ஷெரீஃபாக இருந்தார், வர்ஜீனியா சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டசபை முடிந்து ஊர் திரும்பும் அப்பாவிடமிருந்து தலைநகரத்துச் செய்திகளை இந்தப் பையன் கேட்டு வளர்ந்தான்.

மார்ஷல் 1827-ல், எழுபது வயதுக்கு மேல், தன் சக நீதிபதி ஜோசஃப் ஸ்டோரிக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பதிலில் நான் சொல்லும் பல விஷயங்களுக்கு ஆதாரம் அதுதான். அதில் அப்பாவைப் பற்றி எழுதும் இடத்தில் அந்தக் கிழவரின் குரல் கனிந்துபோகிறது. அப்பாவிடம் சொத்து அதிகம் இல்லை, படிப்பும் குறைவு, ஆனால் இயற்கை அவருக்கு நிறையக் கொடுத்திருந்தது, அதை அவர் உழைத்து வளர்த்துக்கொண்டார் என்கிறார். இளமையில் தனக்குக் கிடைத்த மதிப்புள்ள எதுவானாலும் அது அப்பாவின் கவனிப்பால் வந்தது, அறிவோடு பேசிப் பழக வேறு ஆளே இல்லை, கண்காணிக்கும் தகப்பனாகவும் அன்பான நண்பராகவும் அவரே இருந்தார் என்கிறார். ஒரு மகன் இதைவிட என்ன எழுத முடியும்?

பள்ளிப் படிப்பைக் கணக்குப் பார்த்தால் இரண்டே வருடம். பன்னிரண்டு வயதுக்குள் அலெக்சாண்டர் போப்பின் நீண்ட கவிதை ஒன்றை முழுக்கக் கையால் படியெடுத்துவிட்டார். புத்தகம் அரிதாக இருந்த இடத்தில் ஒரு நூலைச் சொந்தமாக்கிக்கொள்ள அதுதான் வழி. எழுதி எழுதியே பாதி மனப்பாடம் ஆகிவிடும். பதினாலாவது வயதில் வீட்டிலிருந்து சுமார் நூறு மைல் தள்ளி, கேம்ப்பெல் என்ற பாதிரியார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கூடப் படித்தவர் ஜேம்ஸ் மன்றோ, பிற்பாடு அமெரிக்காவின் ஐந்தாவது ஜனாதிபதி. ஒரு வருடத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இன்னொரு பாதிரியார் ஒரு வருடம் இவர்கள் வீட்டிலேயே தங்கி லத்தீன் சொல்லிக்கொடுத்தார். அவர் போகும்போது பையன் ஹோரஸ், லிவி என்ற பழைய ரோமானிய எழுத்தாளர்களைப் படிக்கத் தொடங்கியிருந்தான். அதன் பிறகு அகராதியைத் தவிர வேறு துணையில்லாமல் படித்தேன் என்கிறார் மார்ஷல். மலையடிவாரத்து வீட்டில், கீழே பத்துப் பதினைந்து குழந்தைகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு பையன் அகராதியைப் புரட்டிப் புரட்டி லத்தீன் வரலாறு படிப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலச் சட்டத்தை ஒழுங்குபடுத்தி எழுதிய பிளாக்ஸ்டனின் தொகுதிகள் 1770-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அச்சானபோது, முன்பணம் கட்டி வாங்கியவர்களின் பட்டியலில் தாமஸ் மார்ஷலின் பெயர் இருக்கிறது. மூத்த மகனை வக்கீலாக்கிப் பார்க்கும் ஆசை. பையனும் படிக்க ஆரம்பித்தான். ஆனால் பதினெட்டு வயதாகும்போது பிரிட்டனோடு தகராறு முற்றிவிட்டது. பிளாக்ஸ்டனைவிட துப்பாக்கிப் பயிற்சிக்கும் அன்றைய அரசியல் கட்டுரைகளுக்கும்தான் அதிக நேரம் கொடுத்தேன் என்று அந்தக் கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

1775 மே மாதத்தில் ஒரு நாளை நேரில் பார்த்த ஒருவர் வருணித்த குறிப்பு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. பிரிட்டனுக்கு எதிரான போரின் முதல் துப்பாக்கிச் சூடு லெக்சிங்டனில் நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்ப் படை கூடும் திடலுக்கு ஒரு பத்தொன்பது வயது வாலிபன் பத்து மைல் நடந்து வருகிறான். ஆறடி உயரம், நிமிர்ந்த உடம்பு, கருத்த நிறம், ஏறக்குறைய வட்டமான முகம், கன்னங்கரேலென்ற முடி. வெள்ளைக் குஞ்சம் வைத்த வேட்டைச் சட்டை, அதே துணியில் கால்சட்டை, வட்டக் கறுப்புத் தொப்பியில் மான்வால் செருகியிருக்கிறது. கேப்டன் வரவில்லை, அவருக்குப் பதிலாக என்னை லெப்டினன்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஆட்களிடம் சொல்கிறான். அதிகாரியாக வரவில்லை, உங்களோடு சேர்ந்து நாட்டைக் காக்கப் போகும் சக சிப்பாயாக வந்திருக்கிறேன் என்கிறான். பயிற்சி கொடுக்கிறான். முடிந்ததும் எல்லோரும் சுற்றி நிற்க, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசுகிறான். அதன் பிறகு வளையம் எறியும் ஆட்டம், ஓட்டப்பந்தயம். எல்லாம் முடிந்து மறுபடி பத்து மைல் நடந்து, பொழுது சாய்ந்த பிறகு வீடு போய்ச் சேர்கிறான்.

பேச்சு, ஆட்டம், நடை, யாரோடும் ஒட்டிக்கொள்ளும் குணம். கடைசிவரை மார்ஷல் இப்படியேதான் இருந்தார்.

அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 9 அன்று, கிரேட் பிரிட்ஜ் என்ற இடத்தில் முதல் சண்டை. மார்ஷல் இருந்த கல்பெப்பர் ஊர்ப் படையினரின் சட்டை மார்பில் 'சுதந்திரம் அல்லது மரணம்' என்று பெரிய வெள்ளை எழுத்துகள். அப்பா மேஜர், மகன் லெப்டினன்ட். எதிரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோரின் படை. தங்கள் பக்கம் வந்து போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று டன்மோர் ஒரு மாதம் முன்புதான் அறிவித்திருந்தார். அதை நம்பித் தப்பி வந்த கறுப்பின மக்களும் அந்தப் படையில் இருந்தார்கள். சுதந்திரம் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், சுதந்திரத்துக்காகவே ஓடிவந்தவர்கள் மறுபக்கம். இளம் மார்ஷல் இதை என்ன நினைத்தார் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்த நாட்டின் பிறப்பிலேயே இந்த முரண் இருந்தது, மார்ஷலின் வீட்டிலும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1776-ல் அவர் கான்டினென்டல் ராணுவத்தில் சேர்ந்தார், அதாவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான ராணுவம். பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மன்மத் சண்டைகளில் இருந்தார். சண்டைகளை விவரிக்கப் போவதில்லை. ஏனென்றால் மார்ஷலை உருவாக்கியது சண்டை நடக்காத ஒரு குளிர்காலம்.

1777 டிசம்பர் 19. பிலடெல்ஃபியா நகரை பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். வாஷிங்டனின் படை அங்கிருந்து இருபது மைல் தூரத்தில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் முகாம் போட்டது. சுமார் 12,000 பேர். கூடாரத்தில் தொடங்கி, மரத்தை வெட்டித் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து வாஷிங்டன் காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு எண் இருக்கிறது: காலில் செருப்பில்லாமலும் உடுத்த துணியில்லாமலும் வேலைக்கு லாயக்கில்லாமல் கிடப்பவர்கள் 2,898 பேர். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நோயில் செத்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். எதிரியின் குண்டு ஒன்றுகூட அவர்கள்மேல் படவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். பஞ்சம் எதுவும் இல்லை. பென்சில்வேனியா நல்ல விளைச்சல் பூமி. ஆனால் காங்கிரஸ், அதாவது பதின்மூன்று மாநிலப் பிரதிநிதிகளின் சபை, வரி போட அதிகாரம் இல்லாத சபை. ஒவ்வொரு மாநிலத்திடமும் 'கொடுங்கள்' என்று கேட்கத்தான் முடியும். கொடுக்கிறவன் கொடுப்பான், மற்றவன் நாள் கடத்துவான். காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்தின் மதிப்பு வாரத்துக்கு வாரம் இறங்கியது. அதனால் பக்கத்து விவசாயிகள் பலர் நகரத்தில் இருந்த பிரிட்டிஷாரிடம் தானியத்தைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் விற்றார்கள். இருந்த சரக்கைக் கொண்டுவர வண்டியும் நிர்வாகமும் சரியில்லை. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர். பதின்மூன்று வடத்தில் யார் எதைப் பிடிப்பது என்று முடிவாகாமல் தேர் நடுத்தெருவில் நின்றது. பட்டினி கிடந்தது அந்தத் தேரில் இருந்தவர்கள்.

இருபத்திரண்டு வயது மார்ஷல் அந்தப் பட்டினிக்குள் இருந்தார். கூடவே ஒரு குடிசையில் தங்கிய அதிகாரி ஒருவர் பின்னாளில் சொன்னது: தனக்குத் தெரிந்தவர்களில் மார்ஷலைப் போல நல்ல மனப்போக்கு உள்ளவர் யாரும் இல்லை. ரொட்டி மட்டும் கிடைத்தால் அதுவும் சரி, இறைச்சி மட்டும் கிடைத்தால் அதுவும் சரி. யாராவது முணுமுணுத்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசியே அவர்களை வெட்கப்பட வைத்துவிடுவார். ஓட்டப்பந்தயத்தில் அவருக்கு 'வெள்ளிக் குதிகால்' என்று பட்டப்பெயர். அம்மா பின்னிக் கொடுத்த காலுறையில் குதிகால் பகுதி மட்டும் வெள்ளை நூல். மகன் ஓடும்போதும் தாண்டும்போதும் அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும். ஏறக்குறைய மூவாயிரம் பேர் செருப்பும் துணியும் இல்லாமல் கிடந்த முகாமில் அம்மா பின்னிய ஒரு ஜோடிக் காலுறை. அந்தப் பெயர் நிலைத்ததில் வியப்பில்லை.

ராணுவத்தில்தான் அவருக்கு முதல் நீதித்துறை வேலையும் கிடைத்தது. வேலி ஃபோர்ஜுக்குப் போவதற்குச் சற்று முன்பு, 1777 நவம்பரில், துணை சட்ட அதிகாரியாக நியமித்தார்கள். ராணுவ விசாரணைகளில் சட்ட ஆலோசனை சொல்வது, குற்றச்சாட்டை நடத்துவது போன்ற வேலை. முகாமை விட்டு ஓடியவன், திருடியவன், ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்ட அதிகாரிகள் என்று தினமும் வழக்கு. பசியில் திருடிய சிப்பாய்க்கு என்ன தண்டனை, விதி என்ன சொல்கிறது, நியாயம் என்ன சொல்கிறது? கல்லூரியில் காலடி எடுத்து வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே இந்தக் கேள்விகளோடு அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். உங்கள் கேள்வியில் உள்ள 'மூன்று மாதம்' கணக்கில் இது சேரவில்லை.

1827 கடிதத்தில் அந்த ராணுவ நாட்களைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்து, பொதுவான ஒரு காரியத்துக்காக உயிரையும் பணயம் வைத்த வீரர்களோடு பழகிய அந்த இடத்தில்தான், அமெரிக்காவை என் நாடாகவும் காங்கிரஸை என் அரசாங்கமாகவும் எண்ணும் பழக்கம் எனக்கு உறுதிப்பட்டது என்கிறார். இந்த வாக்கியத்தின் கனத்தை உணர அந்தக் காலத்தை நினைக்க வேண்டும். அன்றைக்கு ஒரு வர்ஜீனியாக்காரரிடம் 'உங்கள் நாடு எது' என்று கேட்டால் 'வர்ஜீனியா' என்றுதான் பதில் வரும். ஜெஃபர்சன்கூட அப்படித்தான் எழுதுவார். நாடு காகிதத்தில் உருவாவதற்கு முன்பே மார்ஷலுக்கு அது குடிசையில், பட்டினியில், பக்கத்துப் படுக்கைக்காரனாக அறிமுகமாகிவிட்டது.

சரி, அந்த மூன்று மாதப் படிப்புக்கு வருவோம். 1779 கடைசியில் அவருடைய படைப்பிரிவின் ஒப்பந்தக் காலம் முடிந்து ஆட்கள் வீடு போய்விட்டார்கள். படையில்லாத கேப்டனாக, அப்பா பொறுப்பில் இருந்த யார்க்டவுனுக்குப் போனார். அங்கே பக்கத்து வீடு ஆம்ப்ளர் குடும்பம். வீரக் கதைகளைக் கேட்டிருந்த அந்த வீட்டுப் பெண்கள் ஒரு கதாநாயகனை எதிர்பார்த்தார்கள். வந்தவரோ தளர்ந்த நடை, அக்கறையில்லாத உடை, நாகரிகம் பழகாத பேச்சு. மற்றவர்களுக்கு ஏமாற்றம். இளையவள் மேரிக்கு, எல்லோரும் பாலி என்று கூப்பிடுவார்கள், மட்டும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது என்று அவளுடைய அக்கா எழுதி வைத்திருக்கிறார். பாலிக்கு அப்போது பதினான்குகூட நிறையவில்லை. இன்று படிக்கும்போது மனம் உறுத்துகிற வயது. இருவருக்கும் கல்யாணம் நடந்தது 1783 ஜனவரி 3-ல், அவளுக்குப் பதினாறு, அவருக்கு இருபத்தேழு. பாலியின் அம்மா ரெபேக்கா பர்வெல்லை இளவயதில் உருகி உருகிக் காதலித்து ஏமாந்தவர் வேறு யாருமில்லை, நம் ஜெஃபர்சன்தான்.

1780 மே மாதம் மார்ஷல் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர் ஜார்ஜ் வித். அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், ஜெஃபர்சனுக்கும் சட்டம் கற்றுக்கொடுத்தவர். பாடம் நடத்துவதோடு நிற்காமல் மாணவர்களை மாதிரி நீதிமன்றத்திலும் மாதிரி சட்டசபையிலும் வாதாட வைப்பார். மார்ஷலின் பாடக்குறிப்பு ஏடு இன்னும் பத்திரமாக இருக்கிறது. சட்டத் தலைப்புகளை அகரவரிசைப்படி எடுத்துச் சுருக்கி எழுதியிருக்கிறார். வரிசை பாதியில் நின்றுபோகிறது. ஏட்டின் உள்ளட்டையிலும் ஓரங்களிலும் பாலியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கிறுக்கி வைத்திருக்கிறார். சட்டச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் காதலியின் பெயர். இருநூற்று நாற்பது வருடம் கழித்தும் அந்த இருபத்துநான்கு வயதுக்காரர் அதில் உயிரோடு இருக்கிறார்.

ஆம்ப்ளர் குடும்பம் புதுத் தலைநகரமான ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தது. கொஞ்ச நாளில் மார்ஷலும் கல்லூரியை விட்டுவிட்டார். மொத்தம் மூன்று மாதத்துக்கும் குறைவு. அந்த ஆகஸ்டில் வக்கீல் உரிமம் கிடைத்தது. அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய வர்ஜீனியா கவர்னர் தாமஸ் ஜெஃபர்சன்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அன்றைக்குச் சட்டம் என்றால் கல்லூரிப் பட்டம் கிடையாது. பெரும்பாலோர் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பத்திரங்களைப் படியெடுத்துப் படியெடுத்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பேராசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டதே அப்போது அபூர்வம். அதனால் 'மூன்று மாதம்தான்' என்று குறைத்துச் சொல்வதும் சரியில்லை, 'படிக்காத மேதை' என்று தூக்கிவைப்பதும் சரியில்லை. ஆனாலும் அவருடைய சட்டப் புலமையில் ஓட்டைகள் இருந்தன, அவருக்கே அது தெரியும். பழைய தீர்ப்புகளை அடுக்கிக் காட்டுவதைவிட, அடிப்படையான ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து படிப்படியாக வாதத்தை நகர்த்துவது அவர் வழி. முதல் படியை ஒப்புக்கொண்டால் கடைசிப் படிவரை போயே ஆகவேண்டும். அவருடைய தீர்ப்புகளைப் படிக்கும்போது இன்றும் அந்த இழுப்பை உணரலாம்.

நீதிமன்றங்கள் போரால் மூடிக்கிடந்த நேரத்தில், அம்மைத் தடுப்புக்காக வர்ஜீனியாவிலிருந்து பிலடெல்ஃபியாவரை நடந்தே போனார். நாளுக்கு முப்பத்தைந்து மைல். தாடியும் அழுக்குத் துணியுமாகப் போய் நின்றவரை ஒரு விடுதியில் சேர்க்கவே மறுத்துவிட்டார்களாம்.

1781 அக்டோபரில் போர் ஏறக்குறைய முடிந்தது. அடுத்த வருடமே ஃபோகியர் மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். உங்கள் கேள்விக்கான விடையின் இரண்டாவது பாதி இங்கே இருக்கிறது. வேலி ஃபோர்ஜில் பட்டினி கிடந்தவர் இப்போது அந்தப் பட்டினியை உண்டாக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். சிப்பாய்களுக்குச் சேர வேண்டிய சம்பளம் எப்படித் தள்ளிப்போகிறது, காங்கிரஸுக்குக் கட்ட வேண்டிய பணம் எப்படி வெட்டப்படுகிறது, கடனைத் திருப்பிக் கொடுப்பதைத் தள்ளிவைக்கச் சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கண்ணெதிரே பார்த்தார். ராணுவம் பட்ட துன்பங்களைப் பெரிதாக்கிய காரணங்கள் சட்டசபைக்குள் நுழைந்ததும் எனக்குப் புலப்பட்டன, இன்னும் திறமையான, ஒழுங்காக அமைந்த பொது அரசாங்கம் ஒன்று இல்லாமல் நிலையான தீர்வு கிடையாது என்று முடிவுக்கு வந்தேன் என்று அதே கடிதத்தில் சொல்கிறார்.

கல்யாணத்தன்று பாதிரியாருக்குக் கொடுத்தது போக அவர் கையில் மிஞ்சியது ஒரே ஒரு கினி நாணயம். அப்பா மகனுக்குக் கொடுத்த சீரில் ராபின் என்ற அடிமையும் இருந்தார். ராபின் ஸ்பர்லாக் பிறகு மார்ஷலின் வீட்டோடு ஆயுள் முழுக்க இருந்தார். மார்ஷல் தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமையாக வைத்திருந்தவர், வாங்கியவர். இதை அடிக்குறிப்பாகத் தள்ளக்கூடாது. அரசாங்கத்துக்கு வரம்பு உண்டு என்பதை அவ்வளவு துல்லியமாக யோசித்த ஒரு மூளை, தன் வீட்டுச் சமையற்கட்டில் நின்றவரின் விடுதலையை யோசிக்கவில்லை. அவரை மதிக்கிற எனக்கு இது மாறாத வருத்தம்.

வக்கீல் தொழில் மெதுவாகத்தான் ஆரம்பித்தது. கைகொடுத்தவர்கள் பழைய ராணுவ நண்பர்கள். வர்ஜீனியா முழுக்கப் பரவியிருந்த அவர்கள் தங்கள் வழக்குகளை எல்லாம் இவரிடம் கொண்டுவந்தார்கள். ரிச்மண்டில் வெகுகாலம் சொல்லிவந்த ஒரு கதை உண்டு. வழக்குக்காக ஊருக்கு வந்த ஒரு விவசாயியிடம், அதோ போகிறாரே அவர்தான் நல்ல வக்கீல் என்று விடுதிக்காரர் காட்டினார். கசங்கிய சட்டையோடு, கழற்றிய தொப்பியில் செர்ரிப் பழங்களைப் போட்டுத் தின்றுகொண்டே நடந்த மார்ஷலைப் பார்த்து விவசாயிக்கு நம்பிக்கை வரவில்லை. பவுடர் போட்ட பொய்முடியோடு கம்பீரமாக வந்த வேறொரு வக்கீலுக்குக் கையில் இருந்த நூறு டாலரில் தொண்ணூற்றைந்தைக் கொடுத்துவிட்டார். முதல் வழக்கில் இருவரும் எதிரெதிரே வாதாடியதைக் கேட்டதும் மனசு மாறி, மிச்சம் ஐந்து டாலர்தான் இருக்கிறது என்று மார்ஷலிடம் வந்து நின்றார். மார்ஷல் சிரித்துக்கொண்டே வழக்கை எடுத்துக்கொண்டாராம். 1786-ல் ஃபேர்ஃபாக்ஸ் நிலங்களின் பட்டா பற்றிய பெரிய வழக்கில் அந்த நிலத்துக் குடியானவர்களுக்காக வாதாடினார். அப்பா சங்கிலி பிடித்து அளந்த நிலம் அது. அதோடு அவர் பெயர் நிலைத்தது.

1788 ஜூன். புதிய அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ரிச்மண்டில் மாநாடு. எதிர்த்தவர்கள் பேட்ரிக் ஹென்றி, ஜார்ஜ் மேசன் போன்ற அரசியல் மலைகள். பள்ளித் தோழன் மன்றோவும் அந்தப் பக்கம்தான். பொது விவாதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்ஷலின் பழைய ஆசிரியர் வித். முப்பத்திரண்டு வயது மார்ஷலிடம் நீதித்துறை பற்றிய பகுதியைக் காக்கும் பொறுப்பு வந்தது. ஜூன் 20 அன்று அவர் கேட்டார்: அரசியலமைப்பு மீறப்பட்டால் காப்பாற்றும் அதிகாரத்தை நீதித்துறைக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்றால், பாதுகாப்புக்கு எந்தத் திசையைப் பார்ப்பீர்கள்? அதைத் தரக்கூடிய வேறு அமைப்பு எதுவும் இல்லை. மார்பரி தீர்ப்புக்குப் பதினைந்து வருடம் முன்பு பேசியது இது. ஐந்து நாள் கழித்து 89-க்கு 79 என்ற கணக்கில் அரசியலமைப்பு தேறியது.

அதன் பிறகான வருடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம்: பாரிஸுக்குத் தூது, காங்கிரஸில் ஒரு பதவிக்காலம், ஜனாதிபதி ஜான் ஆடம்ஸிடம் வெளியுறவுச் செயலர். 1801 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி காலியாக இருந்தது. ஜான் ஜே என்பவருக்குக் கொடுத்தார்கள், அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை மார்ஷல் ஆடம்ஸிடம் கொண்டுபோனார். இப்போது யாரை நியமிப்பது என்று ஆடம்ஸ் யோசனையோடு கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றார் மார்ஷல். கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு, உங்களைத்தான் நியமிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார் ஆடம்ஸ். அப்படி ஒரு எண்ணமே இல்லாத மார்ஷல் மகிழ்ச்சியும் ஆச்சரியமுமாகப் பேசாமல் தலைகுனிந்து நின்றார்.

வாஷிங்டன் நகரத்துக்கு வந்த சக நீதிபதிகள் எல்லோரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, வழக்குகளைப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் அவர் காலத்தில்தான் வேரூன்றியது. முன்பெல்லாம் நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு வாசிப்பார்கள். இவர் காலத்தில் நீதிமன்றம் ஒரே குரலில் பேசத் தொடங்கியது. முப்பத்துநான்கு வருடம் அப்படி நடத்தினார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வேலி ஃபோர்ஜின் குடிசையும், கிடைத்த ரொட்டியைப் பங்குபோட்டுச் சாப்பிட்ட வெவ்வேறு மாநிலத்து வாலிபர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

1801 மார்ச் 4 அன்று புதிய ஜனாதிபதி பதவியேற்றார். இருபது வருடம் முன்பு மார்ஷலின் வக்கீல் உரிமத்தில் கையெழுத்திட்ட அதே ஜெஃபர்சன். உறவுக்காரர், அதற்குள் கடும் அரசியல் எதிரியும் ஆகிவிட்டவர். பதவிப் பிரமாணம் செய்துவைக்க எதிரே நின்றவர், ஒரே மாதம் முன்பு தலைமை நீதிபதியாகியிருந்த ஜான் மார்ஷல்.